சொல்லிவிட்டு அடிக்கிற பாட்டு

அத்தியாயம் 17

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. மாயவனின் நெடுநாள் புகார் அது. காது குத்தா, ஒலிபெருக்கிக் குழாய் கட்டு. மஞ்சள் நீராட்டா, குழாய் கட்டு. போன மாதம் ஜங்ஷன் ரோட்டில் ஒருத்தன் வாடகை சைக்கிள் கடை திறந்தான். கடையில் இருந்தது ஆறு சைக்கிள். எதிர்ப் புளியமரத்தில் கட்டியது நாலு குழாய். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தவன், பாலுக்கு வந்த கன்றுக்குட்டி தாய் மடியை விட்டு ஓடுகிற வரைக்கும் நிறுத்தவில்லை.

மாப்பிள்ளைகளும் அப்படித்தான் ஆகிவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவன் முன்னெல்லாம் தட்டில் பூவும் பழமும் கொண்டு வருவான். கம்மாபுரத்துக் கலியமூர்த்தியோ தான் வருவதற்கு மூன்று நாள் முன்பே ஒரு பெட்டியை அனுப்பி வைத்திருந்தான். ரெக்கார்டு பாடுகிற பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு கறுப்பு பிளேட்டு. கூடவே ஒரு கடுதாசி.

மாயவனுக்குக் கையெழுத்துப் போட வரும். மற்றபடி எழுத்து வராது. அதனாலேயே எழுதி வருகிற எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மருமகள் கனகாதான் வியாழக்கிழமை அதைப் படித்துக் காட்டினாள். கலியமூர்த்தி அவளுக்குப் பெரியம்மா மகன். தம்பி முறை.

'மாமா அவர்களுக்கு. எனக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெற்றிலை கூடக் கிடையாது. சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வந்தால் இந்த ஒரு பாட்டைத் தினமும் போட்டுக் கேட்பேன். அங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. உங்கள் பெண்ணுக்குச் சத்தம் ஆகாது என்று அக்கா சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது. பாட்டு ஆகுமா ஆகாதா என்று கேட்டுப் பார்த்துச் சொல்லவும். ஆகாது என்றால் எனக்கு மனவருத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன்.'

"அந்தப் பாட்டை வுட்டுத் தொலைக்கறதுதானே" என்றார் மாயவன்.

"வுட்டுடறேன்னு வாயால சொல்லிட்டு அப்புறம் திருட்டுத்தனமா கேக்கறதுக்கு, இது மேல் இல்லியா மாமா?"

பதில் இல்லாத இடத்தில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டார்.

மகள் ஆதிலட்சுமிக்கு இருபத்து மூன்று முடிந்துவிட்டது. தை மாதம் நடந்ததைத் தொழிற்பேட்டையில் யாரும் மறக்கவில்லை. பக்கத்து மங்களூர் கிராமத்துக்காரர்கள் பரிசம் போட வந்த அன்று, கஞ்சி மொடமொடப்போடு புதுப்புடவையைச் சுற்றி அவளை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். புடவையே அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மேளக்காரன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு போடு போட்டான். அவ்வளவுதான். எழுந்து கொல்லைப் பக்கமாக ஓடியவள், அதை ஒட்டியிருந்த செராமிக் பீங்கான் யூனிட்டில் காலியாகக் கிடந்த சூளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு அடி கனத்துக்குச் செங்கல் சுவர். உள்ளே போனால் உலகமே இல்லாத மாதிரி இருக்கும். விருத்தாசலத்திலேயே சத்தம் நுழையாத இடம் அது ஒன்றுதான். மாயவன்தான் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். சூளைக்குள் போய் உட்காருகிற பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லி, மங்களூர்க்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தச் சம்பந்தமும் போனால் அடுத்து ஒருத்தன் படியேறுவான் என்று மாயவனுக்குத் தோன்றவில்லை. அதற்காகப் பெண்ணை இரைச்சலுக்குள் தள்ளிவிட்டுக் கையைக் கழுவவும் அவர் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெட்டியை யூனிட் கொட்டகைக்கு எடுத்துவரச் சொன்னார்.

வீடும் யூனிட்டும் ஒரே வேலிக்குள் இருந்தன. லீவு நாளில் காவல் பார்ப்பதும் மாயவன்தான். மற்ற நாட்களில் அவர் வேலை, தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து இறக்கிய சரக்கு ஆறியதும் ஜாடி, கோப்பை, தட்டு என்று ஒவ்வொன்றாக இடது கையில் தூக்கி, வலது கையில் இருக்கிற கொய்யாக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவார். நல்ல சரக்கு ணங்கென்று பாடும். விரிசல் விட்டது டொக்கென்று இருமும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் கூட அவர் காதுக்குத் தப்பாது. முதலாளியே வந்து 'இது நல்லாத்தானே இருக்கு' என்றாலும், ஒதுக்கியது ஒதுக்கியதுதான்.

ஆதிலட்சுமி அதே கொட்டகையின் கடைசி அறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். மயிர் மாதிரி ஒரு தூரிகையால் ஒரு நாளைக்கு இருநூறு ஜோடிக் கண் எழுதுவாள். மற்றப் பெண்கள் பேசிக்கொண்டே எழுதுவதால் அவளுக்குத் தனி அறை.

"நீ அங்கயே இரு ஆதி. மொதல்ல நான் தட்டிப் பாத்துட்டுச் சொல்றன்" என்றார் மாயவன்.

கனகா முள்ளை எடுத்து பிளேட்டின் மேல் வைத்தாள்.

முதலில் ஒற்றைத் தந்தி ஒன்று, தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பது போல இழுத்து இழுத்து வந்தது. அப்புறம் டக், டக், டக், டக் என்று நாலு குச்சித் தட்டு. அதற்கு அப்புறம்தான் கொட்டு. பிறகு ஒரு ஆண் குரல். கிணற்றுக்குள் இறங்கிய ஆள் அங்கிருந்து மேலே இருப்பவனோடு பேசுகிற மாதிரி கனத்துப் போய், அவசரமே இல்லாமல் வந்தது.

மாயவன் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்தது.

"எப்பிடி மாமா?"

"இரு. இன்னொரு வாட்டி போடு."

இரண்டாம் தடவை அவர் குச்சி தொடைமேல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. கனகா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இதுல ஒருத்தன் யோக்கியன்" என்றார் மாயவன்.

"யாரு?"

"மோளக்காரன். அடிக்கிறதுக்கு முன்னாடி குச்சியால நாலு தட்டு தட்டிச் சொல்லிட்டு அடிக்கிறான் பாரு. நம்மூர்ல எவன் சொல்றான்? பஸ்ஸுக்காரன் சொல்லிட்டா ஆரன் அடிக்கிறான்? மாசி மகத்துல வேட்டு வுடறவன் சொல்லிட்டா வுடறான்? இவன் எந்தச் சீமைக்காரனோ, எவனோ. சொல்லிட்டு அடிக்கிறான். அந்த மட்டுக்கும் மரியாதை தெரிஞ்சவன்."

கனகாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாமனார் வாயிலிருந்து மரியாதை என்ற வார்த்தை வந்து வருஷக்கணக்கு ஆகிறது.

"அப்ப நல்ல சரக்குன்னு சொல்லுங்க."

"அவசரப்படாத. முடியறதுக்குக் கொஞ்சம் முன்ன ஒரு எடம் வருது. அல்லாரும் கப்புனு நிறுத்திடறானுங்க. முடிஞ்சிச்சின்னு நெனச்சி நாம மூச்சு வுடறோம். அந்த நேரம் பாத்து சொல்லாம கொள்ளாம அத்தினி பேரும் மேல வுழறானுங்க. அங்க இருக்குது விரிசல்."

"ஒரு எடம்தானே மாமா?"

"விரிசல் ஒரு எடத்துலதான் இருக்கும். ஒம்போது எடத்துலயா இருக்கும்?"

பிறகு ஆதிலட்சுமியைக் கூப்பிட்டார். அவள் வாசற்படியோடு நின்றாள். பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். சுற்றுகிற பிளேட்டையே பார்த்துக்கொண்டு, விரலால் முழங்காலில் எண்ணினாள். அந்த விரிசல் இடம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இரண்டு உள்ளங்கையும் காதுக்குப் போயின. விழுந்து முடிந்ததும் கை இறங்கியது.

முதல் தடவையிலேயே எப்படித் தெரிந்தது என்று மாயவன் ஒரு கணம் யோசித்தார். நாம் இரண்டு தடவை போட்டது சுவர் வழியாகக் கேட்டிருக்கும் என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

"இன்னொரு தடவை போடுங்க அண்ணி" என்றாள் அவள்.

நாலு தடவை போட்டாகிவிட்டது. போகப் போகப் பாட்டு இன்னும் கீழே இறங்கி, கடைசியில் பாடுகிறவன் கொட்டாவி விடுகிற மாதிரி ஆனது.

"கட்டை போவுது போல" என்று கனகா பெட்டியைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினாள். உள்ளே ஆறு பேட்டரி கட்டை. மூன்று பளபளவென்று புதுசு. மூன்று காகிதம் தேய்ந்து, அடியில் துரு ஏறிய பழசு.

மாயவன் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "பாத்தியா ஒன் தம்பி லட்சணத்த. பொண்ணு கேக்கற எடத்துக்கு மூணு புதுசு, மூணு பழசு. கட்டையிலயே கலப்படம் பண்றவன் வேற எதுல பண்ண மாட்டான்?"

"அவன் அப்பிடிப்பட்டவன் இல்ல மாமா."

"கண்ணால பாக்கறன், இல்லன்ற."

"வுடுங்கப்பா" என்று ஆதிலட்சுமி எழுந்து அறைக்குப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு ஆள் வந்து நிற்கும்போது பெட்டி பாடாமல் கிடந்தால் நன்றாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை, கடையும் கிடையாது. மாயவனே வழி சொன்னார். வெள்ளிக்கிழமை அணைத்த சூளையின் தலை இன்னும் சூடாகத்தான் இருந்தது. டார்ச்சு கட்டை செத்துப் போனால் அவர் சூளை மேல் அரை நாள் வைத்து எடுப்பார். மறுபடி நாலு நாள் எரியும். பேட்டையில் எல்லாரும் செய்கிற வேலைதான்.

"ஆறையும் கொண்டுபோய் சூளை தலைமேல அடுக்கு. சாயங்காலம் உசுரு வந்துடும்."

வரத்தான் செய்தது. எவ்வளவு வரும் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

கலியமூர்த்தி சொன்னபடி நாலு மணிக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு, நெற்றியில் திருநீறு. வேலிப் படலுக்கு வெளியிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, மணி அடிக்காமல், தோல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். கொட்டகையில் பெஞ்சை இழுக்காமல் தூக்கி வைத்து உட்கார்ந்தான். கனகா டீ கொடுத்தாள். குடித்துவிட்டுத் தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாயவனுக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. இந்த அளவுக்கு வழவழவென்று மேல்பூச்சு இருக்கிற சரக்கைத்தான் அவர் இரண்டு தடவை தட்டிப் பார்ப்பார்.

"பாட்டைக் கேட்டீங்களா மாமா?" தணிந்த குரல். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"கேட்டன் தம்பி. ஒரு எடத்துல விரிசல் இருக்குது. மத்தபடி சவசவன்னு போவுது. கயித்துல கட்டுன கெழட்டு மாடு மாதிரி. யாரையும் ஒண்ணும் பண்ணாது."

கலியமூர்த்தியின் நெற்றி சுருங்கியது. "சவசவன்னா? அந்தப் பாட்டையா சொல்றீங்க?"

"வேற எந்தப் பாட்டை அனுப்பிச்ச?"

ஆதிலட்சுமி அதற்குள் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பழைய நூல் புடவை. பல தடவை துவைத்து மெத்தென்று ஆனது. கனகா சூளை மேலிருந்து முந்தானையில் முடிந்து எடுத்து வந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினாள். முள்ளை வைத்தாள்.

ஒற்றைத் தந்தி சோம்பல் முறிக்கவில்லை. சீறிக்கொண்டு எழுந்தது.

டக்டக்டக்டக். கொட்டு விழுந்தது. காலையில் கிணற்றுக்குள் இருந்த ஆள் ஒரே தாவில் மேலே ஏறி, கொட்டகை நடுவில் நின்று, நரம்பு புடைக்கப் பாட ஆரம்பித்தான். இது காலையில் கேட்ட பாட்டே இல்லை. கிழட்டு மாடு எங்கே, இது எங்கே. மூக்கணாங்கயிறு அறுத்த காளை இது.

மாயவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காலையில் தட்டிப் பார்த்தது அரைவேக்காட்டுச் சரக்கு. அதை வைத்து மாப்பிள்ளை முன்னால் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். சூளையில் வைத்து இதற்கு உயிர் கொடுத்ததும் நாம்தான். அவர் மகள் பக்கம் திரும்பினார்.

ஆதிலட்சுமியின் கைகள் பாதி தூரம் எழுந்திருந்தன. முகத்தில் ரத்தம் இல்லை. மேலுதட்டில் வியர்வை.

மாயவன் முள்ளைத் தூக்க எழுந்தார்.

"வுடுங்கப்பா."

காலையில் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் இப்போது ஒரு கையை நீட்டித் தடுத்துச் சொன்னாள். மறு கை முழங்காலுக்குத் திரும்பியிருந்தது. விரல் எண்ண ஆரம்பித்தது. காலையில் எண்ணியதைவிட வேகமாக, ஆனால் தடுமாறாமல்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அப்போதுதான் அது காதில் விழுந்தது.

பலகை பலகையாக, தரம் பிரிக்க அடுக்கியிருந்த முந்நூறு கோப்பையும் பாட்டோடு சேர்ந்து மெல்லிசாகப் பாடிக்கொண்டிருந்தன. தந்தி மேலே ஏறும்போது அவையும் ரீங்கரித்தன. தந்தி இறங்கும்போது அடங்கின. நாற்பது வருஷமாக ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிய ஆள் அவர். முந்நூறையும் ஒரே நேரத்தில் தட்டிப் பார்க்கிறவன் ஒருவன் இருப்பான் என்று அவர் நினைத்ததே இல்லை. மூன்றாவது பலகையில், வலது ஓரத்தில், ஒன்று மட்டும் டிர்ரென்று இருமுவதும் அவருக்குத் தனியாகக் கேட்டது.

அட படுபாவி என்று மனதுக்குள் சொன்னார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை.

பாட்டு விரிசலை நெருங்கியது. எல்லாரும் நிறுத்தினார்கள். ஆதிலட்சுமியின் உள்ளங்கைகள் அதற்குள் காதில் இருந்தன. இடி விழுந்தது. கோப்பைகள் அதிர்ந்தன. அவள் தோள் ஒரு தடவை குலுங்கியது. கைகள் இறங்கின. மிச்சத்தையும் கேட்டு முடித்தாள்.

முள் கரகரவென்று தேய்ந்தது. கனகா தூக்கி வைத்தாள்.

கலியமூர்த்தி இத்தனை நேரமும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதும் நிமிராமல் கேட்டான். "ஆவுமா?"

"அந்த ஒரு எடத்துல மட்டும் காதைப் பொத்திக்கணும்" என்றாள் ஆதிலட்சுமி. "அது வரும்னு தெரியும். தெரிஞ்சா பரவால்ல."

"எனக்கும் அதேதான்." அவன் குரல் இன்னும் தணிந்தது. "எட்டு மணி நேரம் மிஷின்கிட்ட நிக்கறேன். அது எப்ப கத்தும், எப்ப நிக்கும்னு ஒரு மொறை கெடையாது. வூட்டுக்கு வந்தாலும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குது. இதுல எல்லாம் அதது எடத்துல வருது. எண்ணிக்கிட்டே இருந்தா மண்டை அடங்கிடும்."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நீங்களும் எண்ணுவீங்களா?"

"நிறுத்தறதுக்கு முன்னாடி முப்பத்திரண்டு தட்டு."

"முப்பத்திமூணு."

"இல்லீங்க. முப்பத்திரண்டு. ரெண்டு வருஷமா எண்ணறேன்."

"கடைசியா ஒண்ணு மெல்லிசா வுழும். குச்சியோட நுனி மட்டும் படற மாதிரி. அதையும் சேத்தா முப்பத்திமூணு."

கலியமூர்த்தி விரலில் எண்ணிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான். "அதை நான் இந்த நாள் வரைக்கும் கேட்டதே இல்லீங்க."

கனகா காலித் தம்ளரை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாயவன் நேராக மூன்றாவது பலகைக்குப் போனார். வலது ஓரக் கோப்பையை எடுத்து ஒரு தட்டு தட்டினார். டொக். கழிவுக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"அது கெடக்கட்டும் தம்பி. பெட்டிக்குள்ள மூணு பழைய கட்டையப் போட்டு அனுப்பிச்சிருக்கீங்களே, அது என்னா கணக்கு?"

"ஆறும் புதுசு மாமா. பொதன்கெழமை நானே வாங்கிப் போட்டேன்."

"துருப் புடிச்சதை என் கண்ணால பாத்தன்."

ஆதிலட்சுமி, "அப்பா" என்று ஆரம்பித்தாள். கலியமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு நொடிதான்.

"கடைக்காரன் ஏமாத்தியிருப்பான் மாமா. நான் சரியா பாக்கல" என்றான்.

இப்படித்தான் இருக்கும் என்று மாயவனுக்குத் தெரியும். ஒரே மூச்சில் இரண்டு பேச்சு. ஆறும் புதுசு என்றவன், தட்டியதும் சுருதி மாறிவிட்டான்.

புறப்படும்போது கலியமூர்த்தி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

"இன்னொரு விஷயம் மாமா. எங்கம்மா வர்ற வெள்ளிக்கெழமை வராங்க. மேளக்காரர் பக்கிரியையும் கூட்டிக்கிட்டு வரப் போறாங்களாம். தாலி கட்டற நேரத்துல கெட்டிமேளம் இல்லன்னா கல்யாணமே இல்லன்றாங்க. பொண்ணு தாங்குதான்னு பாக்கணுமாம். மங்களூர்க் கதை அவங்க காதுக்கும் போயிருக்குது."

கனகாவின் கையில் இருந்த தம்ளர் பலகையில் இடித்தது. ஆதிலட்சுமி கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

"பாட்டு ஆவும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அம்மாகிட்ட பேச எனக்கு ஒரு புடி கெடைக்கும். பொண்ணோட அப்பாவே தட்டிப் பாத்துட்டாருன்னு சொல்லுவேன். மொதல் தரமா, ரெண்டாந்தரமா மாமா?"

மாயவன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சூளையில இருந்து எறக்குன ஒடனே எவனும் தட்ட மாட்டான் தம்பி. சூடா இருக்கறப்ப தட்டுனா சரக்கு பொய் சொல்லும். ஆறட்டும்."

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஆறுமா?"

"அது சரக்கைப் பொறுத்தது."

அவன் பெட்டியை இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, படலுக்கு வெளியில் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை முக்கு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.

பொழுது சாய்ந்தது. மறுநாள் சூளை பிரிக்கிற நாள். மாயவன் மூன்று கட்டை டார்ச்சை எடுத்துக்கொண்டு சூளைக் கதவைப் பார்க்கப் போனார். பித்தானைத் தள்ளினார்.

வெளிச்சம் பளீரென்று வெள்ளையாகப் போய்ச் சுவரில் அடித்தது.

போன வாரம் எடுத்தபோது மஞ்சள் வடிந்துகொண்டிருந்த டார்ச்சு அது. அணைத்துவிட்டு அடி மூடியைத் திருகி, உள்ளங்கையில் கவிழ்த்தார். மூன்று கட்டை. மூன்றும் பளபளவென்று புதுசு.

பின்னால் காலடி கேட்டது. மகளின் நடை அவருக்குத் தெரியும். சருகைக் கூட மிதிக்காது.

"நீயா?"

"ஆமாப்பா."

"எப்ப?"

"வியாழக்கெழமை. நீங்களும் அண்ணியும் டவுனுக்குப் போயிருந்தப்ப போட்டுப் பாத்தேன். கொஞ்ச நேரம் கூடத் தாங்க முடியல. சூளைக்குள்ள போயிடலாம்னு இங்க ஓடி வந்தேன். சூளை எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சி."

மாயவன் சூளைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் கதவுகிட்டயே நின்னுக்கிட்டு இருந்தேன். டார்ச்சுல கட்டை போனா வெளிச்சம் தளந்து போவுதே, பாட்டும் அப்பிடித் தளந்து வருமான்னு தோணிச்சி. உங்க டார்ச்சுல இருந்து மூணு கட்டைய எடுத்து அதுல போட்டேன். தளந்துதான் வந்துச்சி. மெதுவா வந்தப்ப எது எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிச்சி."

"எத்தினி வாட்டி கேட்ட?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும். நீங்க இல்லாதப்ப."

யாருக்காக இவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பையன் ஏன் பேச்சை மாற்றினான் என்பதும் இப்போது விளங்கியது. அவன் பொய்தான் சொன்னான். நாலு பேர் முன்னால் தன்னை ஏமாளியாக ஒப்புக்கொண்டு சொன்னான். மூன்று கட்டையையும் ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். வேண்டுமென்று தட்டவில்லை, கைப்பழக்கம்.

"திருப்பி அதுலயே போட்டுடட்டுமாப்பா?"

"வாணாம். டார்ச்சுலயே கெடக்கட்டும்." உள்ளே போட்டு மூடியைத் திருகினார். "பெட்டியில இதை மாத்திப் போட்ட. சரி. பக்கிரிக்கு எந்தக் கட்டைய மாத்துவ?"

அதை அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள் என்பது பதில் வந்த வேகத்தில் தெரிந்தது. "அவரும் மனுஷர்தானேப்பா. மொதல்ல ஒரு தடவை மெதுவா வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கலாம். எண்ணிக்கிட்டேன்னா அப்புறம் எத்தினி வேகத்துல வேணா வாசிக்கட்டும்."

"மெதுவா வாசிச்சா அதுக்குப் பேரு கெட்டிமேளமா? மேளக்காரன் கோவிச்சிக்கிட்டுப் போயிடுவான்."

"நீங்க கேட்டா போவ மாட்டாரு."

இப்படியும் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறாளா என்று அவர் மகளைப் பார்த்தார். இருட்டில் முகம் தெரியவில்லை. டார்ச்சை அடித்துப் பார்க்கலாம். பளீரென்று அடிக்கும், அவளுக்கு ஆகாது. அடிக்கவில்லை.

"பாட்டுல அந்த எடம் விரிசல்தான்" என்றார்.

"விரிசல்தான்ப்பா. எங்க இருக்குதுன்னுதான் தெரியுமே."

"தெரிஞ்சிட்டா மட்டும் அது விரிசல் இல்லன்னு ஆயிடுமா?"

சூளைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது. கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

கொட்டகைப் பக்கம் கனகா பெட்டியைத் திறந்திருப்பாள் போலிருக்கிறது. டக், டக், டக், டக் என்று நாலு தட்டு, கட்டை மறுபடி தளர்ந்து, நிதானமாகக் கேட்டது. அடுத்துக் கொட்டு விழும் என்று தெரியும். அதற்காக அவர் நிற்கவில்லை. டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு, வேலிப் படலைச் சாத்த எதிர்ப்பக்கமாக நடந்துபோனார்.